கார்டை உள்ள போட்டுக்கம்மா

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க சார், எனக்கு இந்தப் பக்கம் போதும். கோவளம் தாண்டினதும் இடது கைப்பக்கம் தகரம் அடிச்ச பெரிய மைதானம் ஒண்ணு வரும். வந்தா நீங்க பாட்டுக்குப் பாத்துக்கங்க, என்கிட்ட சொல்லாதீங்க. அதைப் பாத்தா காலையில சாப்பிட்டது எனக்கு செரிக்காது.

நீங்க எதுவரைக்கும்? நாகப்பட்டினமா, நல்லது. நான் தரங்கம்பாடி. சொந்தக்காரங்க யாரும் இல்ல சார், ஒரு பொண்ணைப் பாக்கப் போறேன். ஐயையோ, அப்படிப் பாக்காதீங்க, அது என் மக வயசு. ஜெனிட்டான்னு பேரு. ஒரு வாரப் பத்திரிகையில ரிப்போர்ட்டர். பாட்டு, கச்சேரி, சினிமா மியூசிக்கு, இதைப் பத்தியெல்லாம் எழுதுற பொண்ணு. அது எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும். 'இதுல குணாளன் சார் மேல தப்பில்ல', அவ்வளவுதான். வாயால சொன்னாக்கூடப் போதும், போன்ல ரெக்கார்டு பண்ணிக்கறேன். அது சொல்லிட்டா நான் பொழச்சேன். சொல்லலைன்னா இந்த ஜென்மத்துல எந்தப் பத்திரிகைக்காரனும் என் போனை எடுக்க மாட்டான்.

குணாளன் நான்தான் சார். பி.ஆர்.ஓ. குணாளன். படம் ரிலீசு, பாட்டு வெளியீடு, நகைக்கடை திறப்பு, எதுவா இருந்தாலும் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, உக்கார வெச்சு, வயிறார சாப்பாடு போட்டு, நாளைக்குச் செய்தி வர வைக்கறது என் வேலை. லேசான வேலைன்னு நினைக்காதீங்க. ஒருத்தருக்கு முன் வரிசை குடுத்துட்டா இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். ஆனா 'குணா அண்ணன் கூப்பிட்டா போலாம்பா, மரியாதையா நடத்துவார்'னு ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரை வெச்சுத்தான் சார் ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெச்சேன்.

அந்த மைதானத்துல 'கடலோசை'ன்னு ஒரு இசைத் திருவிழா நடந்துச்சே, கேள்விப்பட்டீங்களா? அதேதான். வீடியோ பாத்தீங்களா? மஞ்ச டீ சர்ட்டு போட்ட பொண்ணைப் போட்டு அடிப்பாங்களே, அதுதான் சார் ஜெனிட்டா. பாத்தீங்களா, உங்க மூஞ்சியே மாறிடுச்சு. ஊரே பாத்துச்சு. பாத்துட்டு ஊரே என்னைத் திட்டுச்சு. நான் என்ன பண்ணேன்? நீங்க பொறுமையா கேட்டுட்டு நியாயமா சொல்லுங்க.

அந்த விழாவை நடத்தினது சஷாங்க்னு ஒரு பையன். எம்.டி. தாடி வெச்சுக்கிட்டு, அரை டவுசர் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வருவான். வயசு கம்மின்னாலும் நான் சார்னுதான் கூப்பிடுவேன், சம்பளம் குடுக்கறவன் ஆச்சே. ரெண்டு நாள் விழா. வெளியூர்லேர்ந்தெல்லாம் பாடகருங்க வராங்க. 'குணா சார், பிரஸ் பூரா உங்க பொறுப்பு'ன்னான். நான் சொன்னேன், நீங்க கவலையே படாதீங்க, நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி பாத்துக்கறேன்னு.

பாத்துக்கிட்டேன் சார். மேடைக்குப் பக்கத்துலயே பிரசுக்குத் தனி இடம். சுத்தி இரும்புத் தடுப்பு, நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி உறை, பெடஸ்டல் ஃபேன், ஓரமா சாப்பாட்டுக் கவுண்டர். மட்டன் பிரியாணி, சைவத்துக்குப் பனீர், பிரெட் அல்வா. நெஞ்சத் தொட்டு சொல்றேன், வி.ஐ.பி.ங்களுக்கு அல்வா கிடையாது. பிரசுக்கு மட்டும்தான். எந்த பி.ஆர்.ஓ. பண்ணுவான் சொல்லுங்க?

டீ சர்ட்டும் என் யோசனைதான் சார், அதை நான் மறைக்கல. பெயிண்ட் கம்பெனிக்காரங்க ஸ்பான்சர். அவங்களுக்கு லோகோ எல்லா எடத்துலயும் தெரியணும். நான் என்ன சொன்னேன், பத்திரிகைக்காரங்களுக்கும் ஒரு டீ சர்ட்டு குடுத்துடுவோம், டிவியில எந்தப் பக்கம் கேமரா திருப்பினாலும் லோகோ விழும்னேன். சஷாங்க் எழுந்து வந்து கை குடுத்தான். திருப்பூர்ல சொல்லி அடிச்சோம். டிக்கெட் ஸ்கேன் பண்ற பசங்க, வாலண்டியர், செக்யூரிட்டி, பிரஸ், எல்லாருக்கும் ஒரே மஞ்ச கலர். தனித்தனியா அடிச்சா செலவு சார், அதுமில்லாம ஒத்துமையா இருக்கும்ல. நெஞ்சுல பெயிண்ட் கம்பெனி லோகோ. முதுகுல பெருசா 'நாங்க கடலோசை குடும்பம்'. கைப்பக்கம் சின்னதா 'பிரஸ்'னு போட்டிருந்தோம். நல்ல காட்டன் சார். நாலு தடவை தோய்ச்சாலும் சாயம் போகாது. என் வீட்டுல இன்னும் ஒரு பெட்டி கெடக்கு.

இதைப் போட்டாதான் உள்ளன்னு நான் சொன்னது வாஸ்தவம். அது சும்மா ஒரு கண்டிப்புக்கு. எல்லாரும் வாங்கி சட்டை மேலேயே மாட்டிக்கிட்டாங்க. இந்தப் பொண்ணு மட்டும் கையில வெச்சுக்கிட்டு நிக்குது.

"சார், முதுகுல என்ன எழுதியிருக்கு பாத்தீங்களா?"

"ஏம்மா, எழுத்துப்பிழையா?"

"நாங்க உங்க குடும்பம் இல்லையே சார். நாங்க பாக்க வந்தவங்க. நல்லாருந்தா நல்லாருக்குன்னு எழுதுவோம், இல்லேன்னா இல்லேன்னு எழுதுவோம். இதைப் போட்டுக்கிட்டு எப்படி சார்?"

எப்படிப் பேசுது பாருங்க! சின்னப் பொண்ணுதானே, சிரிச்சுட்டேன். "எழுதறது கையிலம்மா, முதுகுல என்ன இருந்தா உனக்கென்ன"ன்னேன். சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. அப்பவும் விடல.

"சரி சார், கூட்டம் புரண்டு வந்தா நாங்க எந்தப் பக்கம் போறது? ஒரே ஒரு கதவுதானே இருக்கு, அதையும் வெளிய தாழ் போடுறாங்க?"

நான் சாப்பாட்டுக் கவுண்டரைக் காட்டி, "அந்தப் பக்கம் போம்மா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டே போ"ன்னேன். அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. அதுவே லேசா சிரிச்சுது சார். டீ சர்ட்டைப் போட்டுக்கிச்சு. கழுத்துல அவங்க ஆபீஸ் கார்டு தொங்குது, பெரிய கார்டு, 'பிரஸ்'னு செவப்புல. அது சரியா லோகோ மேல வந்து விழுது. நான்தான் தன்மையா சொன்னேன், "லோகோ மறையுது பாரு, கார்டை உள்ள போட்டுக்கம்மா"ன்னு. உள்ள போட்டுக்கிச்சு. இவ்வளவுதான் நடந்தது. இதுல அதட்டல் உண்டா, மிரட்டல் உண்டா? தன்மையாத்தான் சொன்னேன்.

ஏகநாதன்னு ஒரு பழைய போட்டோகிராபர். அவர் ஒண்ணும் பேசாம வாங்கினார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா டீ சர்ட்டை உள்பக்கம் வெளிய வர மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். லோகோ உள்ள போயிடுச்சு, தையல் எல்லாம் வெளிய தெரியுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஆசையா ஒண்ணைக் குடுத்தா இப்படியா பண்றது? பெரியவராச்சேன்னு விட்டுட்டேன்.

வெயில் தாழ கச்சேரி ஆரம்பிச்சுடுச்சு. முதல் மூணு பாட்டுக்குப் படம் எடுக்கலாம், அப்புறம் கேமராவை வெச்சுட்டு உக்காரணும், அதான் இந்த மாதிரி விழாவுல வழக்கம். மூணு பாட்டு முடிஞ்சதும் முனி வந்து எங்க கதவைத் தாழ் போட்டான். முனிங்கறவன் செக்யூரிட்டி காண்டிராக்ட் எடுத்தவன். முனிரத்தினம். ஜிம் வெச்சிருக்கான், அவன் ஜிம்முக்கு வர பசங்கதான் அன்னைக்கு செக்யூரிட்டி. ஒவ்வொருத்தனும் ஆள் பீரோ கணக்கா இருப்பான். பேசினா காது குடுக்க மாட்டான்.

அந்த நேரத்துலதான் வெளிய கசமுசாங்குது. டிக்கெட் கொஞ்சம் கூடுதலா வித்துட்டாங்க சார். எல்லா எடத்துலயும் பண்றதுதான். மைதானம் ரொம்பிடுச்சு, மெயின் கேட்டை மூடிட்டாங்க. டிக்கெட் வாங்கின சனம் குடும்பம் குடும்பமா ரோட்டுல நிக்குது. கைக்குழந்தையோட எல்லாம் நிக்குது. உள்ள பாட்டு கேக்குது, கேட்டு திறக்க மாட்டேங்குது. கோவம் வருமா வராதா?

ஜெனிட்டாவுக்கு யாரோ வெளியேர்ந்து போன் பண்ணிட்டாங்க. என்கிட்ட ஓடி வருது. "சார், கேட்டுகிட்ட சனம் நசுங்குதாம். கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் போய்ப் பாக்கணும்." நான் சொன்னேன், "நீ பாட்டை எழுத வந்தியா, கேட்டை எழுத வந்தியா?" அதுக்கு அது, "ரெண்டும் ஒரே கச்சேரிதானே சார்"ங்குது. அதுல நியாயம் இருக்கோ இல்லையோ, எனக்கு சஷாங்க் என்ன சொல்லியிருந்தான்னா, பிரஸ் ஒருத்தரும் மெயின் கேட்டுப் பக்கம் போகக் கூடாது. வாக்கி டாக்கியில கத்தறான். நான் யாருக்கு பதில் சொல்றது? இருந்தாலும் முனியைக் கூப்பிட்டேன் சார். 'முனி, முனி, பிரஸ் கதவு'ன்னு கூப்பிட்டேன். கரகரன்னு சத்தம் வந்துச்சு, ஆள் வரல. கதவுகிட்ட நின்ன பையன்கிட்ட போனேன். தம்பி, நான்தான் பி.ஆர்.ஓ., திறன்னேன். "உங்க பாஸைக் காட்டுங்க"ன்னான். காட்டினேன். மிஷின்ல வெச்சுப் பாத்துட்டு, "சிவப்பு லைட் எரியுது சார், இது நேத்து ஒத்திகைக்குப் போட்ட பாஸு"ங்கறான். எல்லாருக்கும் பாஸ் போட்டுக் குடுத்தவன் நான். எனக்குப் புதுசு போட்டுக்க மறந்துட்டேன்.

திரும்பிப் பாத்தா பொண்ணைக் காணோம். சாப்பாட்டுக் கவுண்டருக்குப் பின்னாடி சமையல் ஆளுங்க அண்டா தூக்கிட்டு வரதுக்கு ஒரு சந்து விட்டிருந்தாங்க. அதுல பூந்து போயிடுச்சு. நான் விளையாட்டா காட்டினேன் சார், அது நிஜமாவே அந்த வழியாப் போகும்னு யார் கண்டா?

நானும் பின்னாடியே போனேன். ஆமா சார், போனேன், அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தச் சந்து நேரா மெயின் கேட்டுக்கு வெளிய, ஓரமா கொண்டு போய் விடுது. அங்க போய்ப் பாத்தேன். அம்மாடி, அவ்வளவு சனம். டிக்கெட் ஸ்கேன் பண்ண பசங்க இருந்தாங்கல்ல, ஒருத்தன் இல்ல. நிலைமை மோசமானதும் மஞ்ச டீ சர்ட்டைக் கழட்டி வீசிட்டு கூட்டத்தோட கூட்டமா கலந்துட்டானுங்க. செக்யூரிட்டிப் பசங்களும் அதே கதை. அந்த ஏரியாவுல மஞ்ச டீ சர்ட்டோட நின்ன ஒரே ஆளு ஜெனிட்டா.

ஒருத்தன் கத்தினான் சார், "டேய், கம்பெனி ஆளு ஒண்ணு மாட்டுச்சுடா"ன்னு.

அது கையைத் தூக்கி, "நான் பிரஸ், நான் பிரஸ்"ங்குது. "உன் முதுகுல எழுதியிருக்குடி"ங்கறான். கார்டை எடுக்கக் கையை உள்ள விடுது, கழுத்து வழியா வர மாட்டேங்குது, அதுக்குள்ள கையைப் புடிச்சு இழுத்துட்டாங்க. இங்கேர்ந்து டிரைவர் சீட்டு எவ்வளவு தூரம்? அவ்வளவு தூரத்துலதான் சார் நான் நின்னேன். "அது பிரஸ்பா, விடுங்கப்பா"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். மேடையில அந்த நேரம் டிரம்ஸ். என் சத்தம் எனக்கே கேக்கல. ஒரு ஆளு ஓங்கி ஒண்ணு வெச்சான், கன்னத்தோட காதோட சேத்து. அது அப்படியே சாஞ்சுது. அப்புறம் கால்தான் சார் தெரிஞ்சுது. எல்லாரோட காலும்தான் தெரிஞ்சுது.

நான் முன்னாடி போனேன். போகலைன்னு சொல்லாதீங்க. போனேன், ஒருத்தன் என் காலரைப் புடிச்சான். "நீயும் கம்பெனியாடா?" நான் முழுக்கை சட்டையில இருந்தேன், டீ சர்ட்டு எனக்கு சைஸ் இல்ல, அதுமில்லாம பி.ஆர்.ஓ.வுக்குன்னு ஒரு தோரணை வேணும்ல. என்ன சொல்ல முடியும் சார்? "இல்லப்பா, நானும் டிக்கெட் வாங்கினவன்தான், பாரு, உள்ள விட மாட்டேங்கறானுங்க"ன்னேன். விட்டுட்டான். என்னை அடிச்சா மட்டும் அந்தப் பொண்ணு எழுந்திருச்சிடுமா? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சொல்லுங்களேன்.

அதைத் தூக்கினது ஒரு வழிப்போக்கன் சார். கூட்டத்துல நின்ன ஆளுதான். நீலச் சட்டை. தோள்ல ஒரு குழந்தையை வெச்சிருந்தான். குழந்தையைப் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, ஆளுங்களைத் தள்ளி விட்டுட்டு, குனிஞ்சு ரெண்டு கையாலயும் வாரி எடுத்துக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினான். ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரியில சேத்துட்டு, பேரு கூடச் சொல்லாமப் போயிட்டானாம். நல்ல மனுஷன். நானும் ஓடிப் போயிருப்பேன், எனக்கு முட்டி வலி.

மறுநாள் நடந்ததைக் கேளுங்க. சஷாங்க் அறிக்கை விடறான்: 'பத்திரிகையாளர் பாதுகாப்பு முழுக்க முழுக்க பி.ஆர்.ஓ. பொறுப்பு.' என்னைக் கை கழுவிட்டான் சார். கை குடுத்த அதே கை. முனிகிட்ட கேட்டா, 'எனக்கு ஸ்டேஜ் டியூட்டி, பிரஸ் என் கணக்குல இல்ல'ங்கறான். பத்திரிகையாளர் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. அந்த ஏகநாதன் எழுந்து நின்னு, தன் டீ சர்ட்டைத் தூக்கிக் காட்டி, "இதைத் திருப்பிப் போட்டதால நான் நடந்து வந்தேன், சொன்னபடி போட்ட பொண்ணு படுத்துக் கெடக்குது"ன்னாராம். அன்னையிலேர்ந்து குணாளன் கூப்பிட்டா யாரும் போறதில்லன்னு முடிவு. போன வாரம் ஒரு படத்துக்கு பிரஸ் மீட் வெச்சேன். நாப்பது பிரியாணி சொல்லியிருந்தேன். வந்தவங்க யாருன்னா, டைரக்டர், டைரக்டரோட மச்சான், அப்புறம் நான்.

இவ்வளவுக்கும் ஜெனிட்டா என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல சார். போலீசுல புகார் குடுக்கல, எழுதல, பேட்டி குடுக்கல. அதான் எனக்குப் புரிய மாட்டேங்குது. திட்டினாலும் பரவால்ல, திட்டி முடிச்சதும் மன்னிச்சுடும்ல. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் எடுத்துக்கிட்டுப் போனேன், ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாங்க. போன் பண்ணிக்கிட்டே இருக்கேன். மணி அடிக்கும், எடுக்காது. என் நம்பரைப் பாத்துட்டுதான் எடுக்க மாட்டேங்குது. ரோஷக்காரப் பொண்ணு. காதுல லேசா அடின்னு கேள்விப்பட்டேன். லேசான அடிக்கு இவ்வளவு கோவமான்னு மனசு கேக்க மாட்டேங்குது. அதான் நேர்லயே போய் நின்னுடுவோம்னு கிளம்பிட்டேன்.

சிதம்பரம் தாண்டியாச்சா? அப்பன்னா இன்னும் கொஞ்ச தூரம்தான்.

சார், ஒரு ஒத்தாசை. தப்பா நினைக்காதீங்க. உங்க போன்லேர்ந்து ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா? புது நம்பர்னா எடுக்கும். வந்துக்கிட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா திடுதிப்புன்னு போய் நிக்க வேண்டியதில்ல பாருங்க. ரொம்ப நன்றி சார். நம்பர் எனக்கு மனப்பாடம்.

அடிக்குது. எடுத்துட்டாங்க.

ஹலோ, ஜெனிட்டாம்மா... ஓ. வணக்கங்க. அப்பாங்களா? இல்லங்க, பத்திரிகை ஆபீஸ் இல்லங்க. நான் மெட்ராஸ்லேர்ந்து... அன்னைக்கு அந்தக் கச்சேரியில பாப்பா பக்கத்துல இருந்தவன்ங்க. ஆமா. ஆமாங்க, கேட்டுகிட்டதான். என்னங்க? ஆஸ்பத்திரியிலயா? இல்லங்க, அது வந்து... ஐயா, ஒரு நிமிஷம், நான் என்ன சொல்றேன்னா... ஐயா, அழாதீங்க. அழாதீங்கய்யா. பெரியவங்க இப்படி அழலாமா... ஆமாங்க. ஆமாங்க, நான்தாங்க. இல்லங்க, கூட யாரும் வரல, நான் மட்டும்தான். என் குழந்தையா? நல்லா இருக்குங்க. நாகப்பட்டினம் பஸ்சுங்க, இப்ப சீர்காழி வரப்போகுது. ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க, வேணாங்க... சரிங்க. சரிங்கய்யா.

இந்தாங்க சார், போன்.

நான் ஒண்ணும் பொய் சொல்லல. அவர் கேட்டார், நான் ஆமான்னேன். கேட்டீங்கல்ல, எடுத்ததுமே அழறார் சார். "எம்புள்ளையைத் தூக்கிட்டுப் போன தம்பிங்களா"ன்னு கேக்கறார். அந்த ஆளைத்தான் தேடிக்கிட்டே இருந்தாங்களாம், பேரு தெரியல, ஊரு தெரியல. அழற மனுஷன்கிட்ட, இல்லங்க, நான் டீ சர்ட்டு குடுத்தவன்னு எப்படி சார் சொல்றது? வாய் வரல. சத்தியமா வாய் வரல.

அவர் சர்ச் பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனாம். என்ன சொல்றார் தெரியுமா? பாப்பா போனையே தொடறதில்லையாம். ரோஷம் இல்ல சார். இடது காது சுத்தமாப் போச்சாம். இன்னொரு காதுல ராத்திரி பகல் ஓயாம இரைச்சலாம். போனைக் காதுல வெச்சா தலையைப் புடிச்சுக்குமாம். அதான் போனு அவர் சட்டைப் பையிலயே இருக்காம். தெரியாத நம்பர்னா அந்தத் தம்பியா இருக்குமோன்னு எடுப்பாராம். என் நம்பரை 'கடலோசை'ன்னு பாப்பா முன்னாடியே பதிஞ்சு வெச்சிருக்காம், அதுல மணி அடிச்சா பயந்துக்கிட்டு எடுக்க மாட்டாராம். மிரட்டறதுக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டாராம். நானா சார் மிரட்டுவேன்?

பக்கத்து வீட்டுல ரேடியோ போட்டா எழுந்து உள்ள போயிடுதாம். பாட்டைப் பத்தியே எழுதிக்கிட்டிருந்த பொண்ணு. ஒரு தடவை எங்க விழாவுல ஒரு பாடகர் எங்கயோ சுருதி எறங்கிட்டார்னு எழுதிடுச்சு. நான் சண்டைக்குப் போனேன். அப்புறம் அந்தப் பாடகரே போன் பண்ணி, ஆமாங்க, எறங்கிட்டேன்னார். அப்படிக் காது சார் அதுக்கு.

எனக்காக வஞ்சிரம் வாங்கப் போறாராம். "புள்ள உங்க மொகத்தைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடக்கு, விழுந்ததுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லையாம், எழுதிக் காட்டிட்டேன், அழுவுது, சட்டை மாத்த உள்ள ஓடுது"ங்கறார். பஸ் நிக்கற எடத்துக்கே வராங்களாம்.

அதுக்கு என்னைத் தெரியும் சார். என் மூஞ்சி நல்லாத் தெரியும்.

நீங்க சொல்லுங்க, இப்ப நான் என்ன பண்ணட்டும்? எறங்கினா அந்தப் பெரியவர் மூஞ்சியைப் பாக்கணும். அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது, 'உன்னைத் தூக்கினவன் வரல, நான் வந்திருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை குடு'ன்னா? திரும்ப போன் பண்ணி உண்மையைச் சொல்லிடலாம்னு பாத்தா கை வர மாட்டேங்குது. மீன் வாங்கியிருப்பார் சார்.

கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, காரைக்காலுக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடுப்பா. ஆமா, தரங்கம்பாடிதான் எடுத்தேன், இப்ப காரைக்கால் போகணும். பேசாம குடுப்பா, காசுதானே.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? காரைக்கால்ல ஒரு தெரிஞ்சவர் இருக்கார். அவரைப் பாத்துட்டு, சாயங்காலமா நிதானமா யோசிச்சு, ஒரு ஆட்டோ புடிச்சுத் திரும்ப வந்து... வரேன் சார். வராம எங்க போகப்போறேன்.

நிறுத்திட்டாங்களா? இதுதானா ஸ்டாப்பு?

கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க சார். அப்படித்தான், என்னை மறைச்ச மாதிரி. ஐயோ, அதோ நிக்குது. அந்தக் குடை புடிச்சவர் பக்கத்துல, பச்சை சுடிதார். எவ்வளவு எளைச்சுப் போச்சு. தலையை ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சிருக்கு பாருங்க. எறங்கற ஒவ்வொரு ஆம்பளை மூஞ்சியையும் பாக்குது சார். அந்தக் கிழவரைக்கூடப் பாத்து சிரிக்குது. எல்லாரும் எறங்கியாச்சு, இன்னும் படிக்கட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. டிரைவர் எடுக்க மாட்டானா, எதுக்கு நிக்கறான்?

உங்க போன் அடிக்குது சார். அந்த நம்பர்தானா? எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் அடிச்சு ஓயட்டும்.

எடுத்துட்டீங்களா... நான் சீர்காழியிலயே எறங்கிட்டேன்னு சொல்லிடுங்க சார்.